பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம்: கணக்குக்குள் யார், வெளியே யார்?

வளரும் பொருளாதாரங்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் ஓர் எண் உண்டு. அது பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம். உலக அளவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். பெண்களில் பாதிப்பேர்கூட வருவதில்லை. அப்படியென்றால் உலகத்துப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை செய்யாமல் இருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றும். அது உண்மையல்ல. அரசுகள் கொள்கை வகுப்பதும் சாதனை பேசுவதும் இந்த எண்ணை வைத்துத்தான் என்பதால், அது எப்படிப் பிறக்கிறது என்பதைப் பொருளாதாரம் படிக்காதவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கணக்குப் போடும் முறை

15 வயதைக் கடந்த நூறு பெண்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 30 பேர் வேலையில் இருக்கிறார்கள். 5 பேர் வேலை இல்லாமல், ஆனால் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்தால் உடனே சேரவும் தயார். இந்த 35 பேரும் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை. எனவே பங்கேற்பு விகிதம் 35 சதவீதம். மீதி 65 பேர் படிக்கும் மாணவிகளாக இருக்கலாம், வயது முதிர்ந்தவர்களாக இருக்கலாம், வீட்டு வேலை பார்ப்பவர்களாக இருக்கலாம். கணக்கைப் பொறுத்தவரை அவர்கள் எல்லோரும் வெளியே.

வேலையின்மை விகிதத்தை நூறு பேரை வைத்துக் கணக்கிடுவதில்லை, தொழிலாளர் படையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் 35 பேரில் 5 பேர், அதாவது சுமார் 14 சதவீதம். இப்போது தேடிக்கொண்டிருந்த ஐவரில் நால்வர் அலைந்து சலித்து, கிடைக்காது என்று தேடுவதையே விட்டுவிடுகிறார்கள். தொழிலாளர் படை 31 ஆகச் சுருங்குகிறது. வேலையின்மை 3 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை, நிலைமை மோசமாகியிருக்கிறது. ஆனால் வேலையின்மை குறைந்துவிட்டதாக அறிக்கை வரும். பெண்களைப் பற்றிய செய்தியில் வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நம்பிக்கை இழந்து விலகியவர்களின் தடம் பங்கேற்பு விகிதத்தில்தான் தெரியும்.

எது வேலை?

இதுவரை எளிது. சிக்கல், ‘வேலை’ என்று எதை ஏற்றுக்கொள்வது என்பதில்தான் தொடங்குகிறது.

சிறு நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து தண்ணீர் எடுத்து வருகிறாள். ஆடுகளுக்குத் தீவனம் வைக்கிறாள், சமைக்கிறாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனுப்புகிறாள். பிறகு சொந்த வயலில் களை எடுக்கிறாள். அந்த விளைச்சல் சந்தைக்குப் போகும். திரும்பும் வழியில் விறகு பொறுக்குகிறாள். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு மருந்து கொடுக்கிறாள். மாலையில் ஓர் ஒப்பந்தக்காரர் கொடுத்துவிட்டுப் போன சட்டைகளுக்கு, துண்டுக்கு இவ்வளவு என்ற கூலியில், பொத்தான் தைக்கிறாள்.

இதில் பொத்தான் தைப்பது ஐயமில்லாமல் வேலை, பணம் வருகிறது. களை எடுப்பதும் வேலைதான்; அவள் கையில் காசு வராவிட்டாலும் குடும்பத்தின் விற்பனைக்கான உற்பத்தியில் அவள் பங்கு இருக்கிறது. விற்பனைக்கு வளர்க்கும் ஆடுகளுக்குத் தீவனம் வைப்பதும் அப்படியே. சமையலும் பிள்ளை வளர்ப்பும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் கணக்கில் சேராது. தண்ணீரும் விறகும் நடுவில் நிற்கின்றன: தேசிய வருமானக் கணக்கின் சர்வதேச விதிகள் அவற்றை உற்பத்தி என்று ஒப்புக்கொள்கின்றன, ஆனால் அவற்றை மட்டும் செய்பவரை இன்றைய வரையறை வேலையில் இருப்பவராக ஏற்பதில்லை.

ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்த பெண்ணையே திருமணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று பொருளாதார அறிஞர் பிகு சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டினார். அதே அடுப்பு, அதே சமையல். சம்பளம் நின்றதும் கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

இந்தியாவின் தொழிலாளர் கணக்கெடுப்புப் படிவத்தில் இதை நேராகவே பார்க்கலாம். ஒவ்வொருவரின் செயல்பாட்டுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவருக்கு 21. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டு வேலையோடு, வீட்டுத் தேவைக்காக விறகு, கீரை, கால்நடைத் தீவனம் சேகரிப்பதும் தைப்பதும் செய்பவருக்கு 93. முதல் எண் பெற்றவர் தொழிலாளர் படைக்குள். மற்ற இருவரும் வெளியே. மேலே சொன்ன பெண்ணிடம், “வேலைக்குப் போகிறீர்களா?” என்று கேட்டால், “இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்” என்பாள். “சென்ற வாரம் வயலில் இறங்கினீர்களா, எத்தனை மணி நேரம்?” என்று கேட்டால் வேறு விடை வரும். பல வீடுகளில் அவளிடம் கேட்பதுகூட இல்லை. அவளுக்காகக் கணவரோ மாமனாரோ பதில் சொல்லிவிடுகிறார். 92 என்றோ 21 என்றோ எழுதும் அந்த நொடியில்தான் அவள் கணக்குக்குள் வருகிறாள், அல்லது வெளியே போகிறாள்.

வரையறையும் நிலையானதல்ல. 2013-இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு ஒரு மாற்றம் செய்தது. ஊதியத்துக்காகவோ லாபத்துக்காகவோ செய்வதை மட்டும் ‘வேலைவாய்ப்பு’ என்றது. சொந்தச் சாப்பாட்டுக்காகப் பயிரிடுவதைத் தனி வகையாகப் பிரித்தது. அதே மாநாடு, ஊதியமில்லா வீட்டுப் பணியையும் ‘உழைப்பு’ என்ற பெரிய வட்டத்துக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்தது. இது நல்ல திருத்தம். ஆனால் புதிய வரையறையை ஒரு நாடு எந்த ஆண்டில் ஏற்றதோ அந்த ஆண்டில் அதன் வரைபடத்தில் ஒரு சரிவு விழலாம். யாரும் வேலையை விட்டிருக்க மாட்டார்கள், அளவுகோல் மாறியிருக்கும்.

வறுமையின் உச்சமும் வளர்ச்சியின் பள்ளமும்

ஒரு நாடு வளர வளர வேலைக்குப் போகும் பெண்களின் விகிதமும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைப்பது இயல்பு. தான்சானியா, மடகாஸ்கர் போன்ற ஏழை நாடுகளில் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் தொழிலாளர் படையில் இருக்கிறார்கள். பல பணக்கார நாடுகளைவிட இது அதிகம். அங்கே பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. எல்லோரும் நிலத்தில் இறங்காவிட்டால் சாப்பாடு இல்லை என்பதே காரணம்.

2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு ஆண்டுத் தரவுகளைத் தோண்டி எடுத்து, பெண்களின் பங்கேற்பு முதலில் இறங்கிப் பிறகு ஏறியதைக் காட்டினார். ஒரு கிண்ணத்தின் குறுக்குவெட்டுப் போன்ற வளைவு அது. வேளாண்மைக் காலத்தில் வீடும் வயலும் ஒட்டியிருந்ததால் பெண்களின் உழைப்பு உற்பத்தியோடு கலந்திருந்தது. உற்பத்தி ஆலைக்கு நகர்ந்ததும் வீட்டைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதாயிற்று. ஆலைத் தொழிலில், அதிலும் மணமான பெண்ணின் உடலுழைப்பில், குடும்ப மானம் போய்விடும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. கணவரின் வருமானம் கூடியபோது பெண்கள் விலகினார்கள். பிறகு பெண்கல்வி பரவி, அலுவலகம், பள்ளி, மருத்துவமனை போன்ற சேவைத் துறை வேலைகள் பெருகியபோது மீண்டும் வந்தார்கள்.

பள்ளத்தில் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வளரும் நாடுகள் பலவும் சிக்கிக்கொண்டிருக்கும் இடம் அதுதான். குடும்ப வருமானம் கூடும்போது இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. வேறொருவர் சம்பாதிப்பது போதும் என்றானதும், கடும் வெயிலில் குறைந்த கூலிக்குச் செய்த வேலையிலிருந்து பெண் விலகுவது ஒன்று. இதை வருமான விளைவு என்பார்கள். அவளுக்கே நல்ல சம்பளம் கிடைக்கும் என்றால் வீட்டில் இருப்பதால் இழப்பது அதிகம் என்று வேலைக்கு வருவது மற்றொன்று. இது பதிலீட்டு விளைவு. நடுத்தர வருமான நாடுகளில் பெண்களின் படிப்பு வேகமாக உயர்கிறது, ஆனால் அந்தப் படிப்புக்கேற்ற வேலை, எட்டும் தொலைவில், பாதுகாப்பாகப் போய்வரும்படி இருப்பதில்லை. இயந்திரங்கள் வந்து வயல் வேலையும் குறைந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரை படித்தவள் களையெடுப்புக்குத் திரும்ப விரும்புவதில்லை, அலுவலக வேலையும் கிடைப்பதில்லை. முதல் விசை வெல்கிறது. இதைப் பெண்களின் விருப்பமின்மை என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அதற்குச் சான்று உண்டு. பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் வட இந்தியாவில் செய்த ஆய்வில், சில கிராமங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அயல்பணி நிறுவனங்களுக்கு (பிற நிறுவனங்களின் அலுவலகப் பணிகளை ஏற்றுச் செய்யும் பிபிஓ-க்களுக்கு) ஆளெடுப்பவர்களை மூன்று ஆண்டுகள் அங்கே அனுப்பினார்கள். வேலை இருக்கிறது, இப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் அவர்கள் செய்தது. அந்தக் கிராமங்களின் இளம்பெண்கள் மற்ற கிராமங்களைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள், திருமணத்தைத் தள்ளிப்போட்டார்கள். சிறுமிகளின் பள்ளிச் சேர்க்கைகூடக் கூடியது. யாரும் அங்கே போய்ப் பெண்களின் மனத்தை மாற்றவில்லை. வேலை கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே.

வளைவு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விதியல்ல. வியட்நாம் வேகமாக வளர்ந்த காலத்திலும் பெண்களின் பங்கேற்பு மிக உயரத்திலேயே இருந்தது. வருமானத்தில் ஓரளவு ஒத்த நாடுகளுக்கிடையே பாதிக்குப் பாதி வேறுபாடு இருப்பதும் உண்டு.

வீட்டுக்குள் ஓடும் நேரம்

பராமரிப்புப் பொறுப்பால் தொழிலாளர் படைக்கு வெளியே இருக்கும் பெண்கள் உலகில் 70.8 கோடிப் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் மதிப்பிட்டது. அதே காரணத்தால் வெளியே இருக்கும் ஆண்கள் 4 கோடி. வேறு எந்தக் காரணத்தையும்விட இந்தக் காரணத்துக்கே நான் முதலிடம் தருவேன்.

ஒருவர் எந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று பதிவு செய்வதற்குத் தனிக் கணக்கெடுப்பு உண்டு, காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று பெயர். இந்தியாவில் 2024-இல் எடுத்த கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் அந்த வேலை செய்தவர்கள் செலவிட்டது 88 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஏற்கெனவே போய்விட்ட நாளில், போக வர இரண்டு மணி நேரப் பயணத்தோடு எட்டு மணி நேர வேலை எங்கே நுழையும்? வேலைக்குப் போகும் பெண்கள் தூக்கத்தையும் ஓய்வையும் வெட்டித்தான் அதை நுழைக்கிறார்கள்.

இந்த நேரத்தை விடுவித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் இலவசக் குழந்தைக் காப்பகங்களில் இடம் கேட்டவர்கள் மிகுதியாக இருந்ததால் குலுக்கலில் இடம் ஒதுக்கினார்கள். இடம் கிடைத்த குழந்தைகளின் தாய்மார், கிடைக்காதவர்களைவிடக் கணிசமாகக் கூடுதல் எண்ணிக்கையில் வேலையில் இருந்தார்கள். குலுக்கல் என்பதால் இரு தரப்புத் தாய்மாருக்கும் வேறு வித்தியாசம் இல்லை. காப்பகம் ஒன்றுதான் வித்தியாசம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாடால் மாநிலத்துக் கிராமங்களுக்கு மின்சாரம் போனபோது பெண்களின் வேலைவாய்ப்பு சுமார் ஒன்பது சதவீதப் புள்ளி உயர்ந்தது என்று பொருளாதார அறிஞர் டாரின் டிங்கல்மன் கண்டறிந்தார். விறகு தேடி அடுப்பூதும் நேரம் மிச்சமானது அதற்கு முக்கியக் காரணம்.

கூலி யார் கையில், முடிவு யார் கையில்

மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஊரக வேலைத் திட்டத்தில் பெண் உழைத்த கூலி பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணின் வங்கிக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆய்வாளர்கள் சில பெண்களுக்குச் சொந்தக் கணக்குத் திறக்க உதவி, கூலி நேராக அதில் விழ ஏற்பாடு செய்து, அதைப் பயன்படுத்தச் சிறு பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் அத்திட்டத்தில் மட்டுமல்ல, வெளியிலும் கூடுதலாக வேலைக்குப் போனார்கள். கூலியின் அளவு மாறவில்லை, அது போய்ச்சேரும் இடம் மாறியது.

ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் பல நேரங்களில் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கிறது. சவூதி அரேபியாவின் ரியாத்தில் இளம் கணவர்களிடம் தனித்தனியே கேட்டபோது பெரும்பாலானோர், பெண்கள் வெளியே வேலைக்குப் போவதில் தவறில்லை என்றார்கள். ஆனால் அக்கம்பக்கத்து ஆண்கள் அப்படி நினைக்கவில்லை என்று நம்பினார்கள். மற்றவர்களின் உண்மையான கருத்து இதுதான் என்று சொன்னதும், மனைவியின் பெயரை வேலை தேடித்தரும் சேவையில் பதிவு செய்ய முன்வந்தவர்கள் கூடினார்கள். பின்னர் அவர்களின் மனைவியர் விண்ணப்பிப்பதும் நேர்காணலுக்குப் போவதும் அதிகமானது.

சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல நோக்கத்தில் வரும் சட்டமும் பணத்தை யார் தருவது என்ற கேள்வியில் திசைமாறக்கூடும். இந்தியா 2017-இல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. பெண்களுக்கு அது தேவை. ஆனால் அந்த விடுப்புச் சம்பளத்தைப் பெரும்பாலும் முதலாளியே தர வேண்டியிருப்பதால், சிறிய நிறுவனம் பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்க இடமிருக்கிறது. சமூகக் காப்பீட்டு நிதியிலிருந்து கொடுத்தால் அந்தச் சுமை எல்லோருக்கும் பகிரப்படும். தாய்மைப் பாதுகாப்பு பற்றிய 2000-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையும் அந்த வழியையே காட்டுகிறது.

எண் உயர்ந்தால் போதுமா?

வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழில் 1980-களிலிருந்து இலட்சக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு முதல் சம்பளத்தைக் கொடுத்தது. ஆலைகளுக்கு அருகில் வளர்ந்த சிறுமிகள் கூடுதல் காலம் படித்தார்கள், தாமதமாக மணந்தார்கள் என்று ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் ஆகியோரின் ஆய்வு காட்டியது. அதே தொழிலில்தான் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுவரில் விரிசல் விட்டிருப்பது முந்தைய நாளே தெரிந்திருந்தும் அவர்களை உள்ளே அனுப்பினார்கள். இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று அழித்துவிடுவதில்லை. பங்கேற்பு விகிதத்தில் அந்த ஆலைப் பெண்ணும் பாதுகாப்பான அலுவலகத்தில் இருப்பவரும் ஒன்று, ஒன்று என்றுதான் எண்ணப்படுகிறார்கள்.

இந்தியாவின் அண்மைக்கால எண்களைப் படிக்கவும் இந்தக் கவனம் வேண்டும். பெண்களின் பங்கேற்பு விகிதம் 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். கிராமங்களில் ஏறக்குறைய இரட்டிப்பாகி 47.6 ஆனது, நகரங்களில் 20.4-லிருந்து 28 ஆனது. ஆறே ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம் சாதாரணமல்ல. குழாய்த் தண்ணீரும் எரிவாயுவும் நேரத்தை மிச்சப்படுத்தியது, சுய உதவிக் குழுக் கடன், கொரோனா காலத்து வருமான இழப்பு, கணக்கெடுப்பாளர்கள் பெண்களின் வேலையை முன்பைவிடக் கவனமாகப் பதிவது என்று பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே விவாதம் ஓயவில்லை.

இந்த எண்களைத் தரும் தொழிலாளர் கணக்கெடுப்பில், ஆண்டின் பெரும்பகுதி வேறு எதைச் செய்தாலும், துணைத் தொழிலாக முப்பது நாள் வேலை செய்திருந்தால் ஒருவர் தொழிலாளர் படைக்குள் வந்துவிடுவார். எனவே என்ன மாதிரி வேலை என்று சொல்லும் அட்டவணைக்கும் போக வேண்டும். உழைக்கும் பெண்களில் மாதச் சம்பளம் பெறுவோரின் பங்கு அதே ஆறு ஆண்டுகளில் சுமார் 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சுயதொழில் என்ற தலைப்பின் கீழ் வருவோர் 52-லிருந்து 67 சதவீதமாகியிருக்கிறார்கள். அந்தத் தலைப்பு இரண்டாகப் பிரியும்: சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள் ஒரு பகுதி, குறியீட்டு எண் 21 பெற்றவர்கள் மற்றொரு பகுதி. உழைக்கும் பெண்கள் அனைவரிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டாம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று வருமானம் எதுவும் பதிவாவதில்லை.